தண்ணிக்குக் கழித்தது

காலை ஐந்தேகாலுக்கு
முழங்காலிடம் முதலில் கேட்கிறேன்.
அது சரியென்றால் இடுப்பிடம்.
இடுப்பு பதில் சொல்லத் தாமதித்தால்
அன்றைக்கு மலை இல்லை, பேரும் இல்லை.

அடுப்பில் சுடுதண்ணி.
கொஞ்சம் முகத்துக்கு, மற்றது இரண்டு போத்தலுக்கு.
மஞ்சள் குளிசை ஒன்று.
மேஸ் இரண்டு சோடி, மேலே போடுவது
கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கும் மோகனதாசுடையது.
குளிர் படக்கூடாது என்று எழுதித் தந்திருக்கிறார்கள்,
மஸ்கெலியாவில் குடியிருப்பவளுக்கு.

வட்டமாய் இருக்கவேண்டிய ரத்தம்
எனக்குள் வளைந்துபோகிறதாம்.
பிறை மாதிரி என்று டொக்டர் தாளில் வரைந்தார்.
எனக்கு அது கவ்வாத்துக் கத்தி.
அப்பா ஒன்று, அம்மா ஒன்று
தெரியாமல் போட்டுவிட்ட சீதனம்.
நகையாய்ப் போட்டிருந்தால்
அடகாவது வைத்திருக்கலாம்.

கண் மஞ்சளாய் இருக்கிறதென்று
லயத்தில் மூன்று காம்பராவிலிருந்து கீழாநெல்லி வரும்.
மூன்றையும் வாங்கிக்கொள்வேன்.
வேண்டாம் என்றால்
அரைமணித்தியாலம் விளக்கவேண்டும்.

நாளைக்கு மூன்று லீட்டர் குடிக்கச் சொன்னார்கள்.
குடிக்கிறேன்.
ஏழாம் நம்பர் மலையில் கக்கூஸ் இல்லை என்பதை எழுத
கண்டி கிளினிக் கொப்பியில் கட்டம் இல்லை.
கானுக்கு அப்பால், சவுக்குமரத்தின் பின்னே,
மரியாயி அக்கா படங்கை விரித்துப் பிடிக்க
ஐந்து தரம், மழைநாளில் ஆறு.
"மலைக்குத் தண்ணி பாய்ச்சுற வேலையாடி உனக்கு?"
என்று சிரிப்பாள்.
சிரிப்பில் உடம்பெல்லாம் குலுங்கும்,
படங்கு அசையாது.

பதினொரு மணித் தராசில்
பதினாறு கிலோ நின்றால் பதினாலு எழுதுவார் கணக்கப்பிள்ளை.
தண்ணிக்கு இரண்டு.
வெயில் காய்கிற மாசியிலும் தண்ணிக்கு இரண்டு.
கேட்டால், பனி என்பார்.

வலி பெரும்பாலும் இரவில்தான்.
எலும்புக்குள் ஆணி அடிக்கிற மாதிரி என்று
கேட்பவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்,
அப்படிச் சொன்னால் புரிகிறது என்கிறார்கள்.
ஆணி இல்லை.
திருப்ப இடமில்லாத வளைவில்
ஒரு லொறி பின்பக்கமாய் வருகிறது.
பின்னால் பஸ், அதற்குப் பின்னால் இன்னொரு பஸ்,
லொறி நிற்கவில்லை,
வந்துகொண்டே இருக்கிறது.

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
பூச்சியத்துக்கும் பத்துக்கும் நடுவில் எத்தனை
என்று மிஸ்ஸி கேட்டார்.
எட்டு என்றேன்.
ஐந்து என்று எழுதினார்.
தலைகீழாய் இலக்கம் வாசிப்பேன்,
கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் பழகியது.
நான் அழவில்லையாம்,
அழாதவளுக்கு ஏது எட்டு?
மூன்று, தண்ணிக்குக் கழித்திருப்பார்.

அடுத்த முறை பத்து சொல்லு என்றாள் மரியாயி,
கூடைக்கு அடியில் கல் வைக்கிற மாதிரி.
மாட்டேன்.
பத்து ஒரு தரம் வந்திருக்கிறது,
ரக்‌ஷிகா வயிற்றில் ஏழு மாதம்.
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை,
கேட்டிருந்தாலும் சொல்ல வாய் இருக்கவில்லை.

ரக்‌ஷிகாவுக்குப் பாதிதான், வலிக்காத பாதி.
அந்த ரிப்போட்டை அவள் ஓட்டப்போட்டிச் சான்றிதழோடு
ஒரே கவரில் வைத்திருக்கிறேன்.
நாளைக்கு யாரையாவது கூட்டிவந்தால்
சாதகத்துக்கு முன்னால்
அவன் ரத்தத்தைப் பார்க்கணும் என்று சொல்லிவிட்டேன்.
ச்சீ அம்மா, என்று ஓடினாள்.
ஒன்பது வயது.

இன்றைக்கு நல்ல நாள்.
முழங்கால் சரியென்றது, இடுப்பும் உடனே சரியென்றது.
பதினெட்டு கிலோ.
பேனை பதினாறை எழுதப் போகையில்
காலிப் போத்தல்கள் இரண்டையும்
தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.
"கழிக்கிறதுக்குத் தண்ணி எங்கே ஐயா?
எல்லாத்தையும் நான் குடிச்சிட்டேனே."

வரிசை முழுக்கச் சிரித்தது.
அவருக்கும் உதடு கோணியது.
எழுதியது பதினாறுதான்.
நின்று சண்டை பிடிக்க எனக்கு நேரமில்லை,
மரியாயி அதற்குள்
இடுப்பிலிருந்து படங்கை அவிழ்த்துக்கொண்டு
கானைத் தாண்டிவிட்டாள்.